மூன்றாம் சக்கரமும் மூத்த ஓட்டுநரும்

மோட்டார் சைக்கிளில் நெடுந்தூரம் சென்று ஊர்களைக் காண்பதில் இன்பம் கண்டவர்கள், முதுமை வந்தது என்பதற்காக அவ்வின்பத்தை எளிதில் விட்டுவிடுவதில்லை. சாலை விதிகள் நினைவில் இருக்கின்றன. முப்பது நாற்பது ஆண்டுப் பயிற்சி கைகளில் இருக்கிறது. போக வேண்டும் என்ற ஆவலும் குன்றவில்லை. ஆனால் முழங்கால் மட்டும் ஒத்துழைக்க மறுக்கிறது.

நெடும்பயணத்திற்கென்றே செய்யப்படும் பெரிய மோட்டார் சைக்கிள்கள் பாரம் மிகுந்தவை. அவ்வகையில் மிகப் பெரியதாகிய ஹோண்டா கோல்டு விங் வண்டி ஏறத்தாழ 380 கிலோ எடையுள்ளது. ஓடும்போது அப்பாரம் தெரிவதில்லை. நிற்கும்போதுதான் தெரிகிறது. சமிக்ஞை விளக்கின் முன் நிறுத்திக் காலை ஊன்றும் இடத்தில் சிறு பள்ளமோ சரளைக் கல்லோ இருந்துவிட்டால் போதும். வண்டி ஒரு பக்கம் சாயத் தொடங்குகிறது. ஒரு குறிப்பிட்ட அளவுக்கு மேல் சாய்ந்துவிட்ட வண்டியை இளைஞனாலும் தாங்கிப் பிடிக்க இயலாது. அறுபத்தைந்து வயதினரால் எவ்வாறு இயலும்? முதியவர்கள் பலர் வண்டியைக் கைவிடுவது வேகத்திற்கு அஞ்சி அன்று. இவ்வாறு நிற்கும் இடத்தில் விழுவதற்கு அஞ்சியே ஆகும்.

இந்த அச்சத்திற்கு மாற்றாகப் பலர் நாடுவது 'சைட்கார்' எனப்படும் பக்கவண்டியை. மூன்றாவது சக்கரம் ஒன்று வந்துவிட்டால் வண்டி சாயாது. காலை ஊன்ற வேண்டியதில்லை. ஆகவே ஓட்டுவது எளிதாகிவிடும் என்று அவர்கள் எண்ணுகிறார்கள். இவ்வெண்ணத்தில் முதற் பகுதிகள் இரண்டும் உண்மை. மூன்றாவது பகுதி உண்மையன்று. பக்கவண்டி காலின் சுமையை இறக்கிக் கைகளின் மேலும் அறிவின் மேலும் ஏற்றி வைக்கிறது. இதனை அறிந்து பூட்டிக்கொள்பவருக்கு அது இன்னும் பல ஆண்டுகளின் பயணத்தைத் தரும். அறியாமல் பூட்டிக்கொள்பவருக்கு முதல் வளைவிலேயே ஆபத்தைத் தரும்.

பக்கவண்டியின் வரலாறு

பக்கவண்டி பிரிட்டனில் 1903 ஆம் ஆண்டளவில் தோன்றியது. அதற்கு முன்னர் மோட்டார் சைக்கிளில் உடன் வருபவரை ஏற்றிச் செல்ல, பின்னால் இழுத்துச் செல்லும் சிறு வண்டியும், முன்புறம் பொருத்தும் இருக்கையும் இருந்தன. பின்வண்டியில் இருப்பவர் தூசியையும் புகையையும் உண்டார். முன்னிருக்கையில் இருப்பவர் மோதலை முதலில் ஏற்றார். பக்கத்தில் அமர்த்துவதே இரண்டிற்கும் நடுவான வழியாயிற்று.

1912 ஆம் ஆண்டில் பர்மிங்ஹாம் நகரில் தொடங்கப்பெற்ற வாட்சோனியன் நிறுவனம் பக்கவண்டித் தொழிலில் பெரும் பெயர் பெற்றது. 1922 இல் பிளாக்பூல் நகரில் வில்லியம் லயன்ஸ், வில்லியம் வாம்ஸ்லி ஆகிய இருவர் தொடங்கிய 'ஸ்வாலோ' பக்கவண்டித் தொழிற்சாலையே பிற்காலத்தில் ஜாகுவார் கார் நிறுவனமாக வளர்ந்தது. கார் வாங்க வசதியில்லாத குடும்பங்களுக்குப் பக்கவண்டியே காராக இருந்தது. மனைவியும் குழந்தையும் பெட்டிக்குள் அமர, கணவர் ஓட்டிச் செல்வது பிரிட்டிஷ் சாலைகளில் அன்றாடக் காட்சி. 1959 இல் 'மினி' கார் வெளிவந்தது. மலிவான விலையில் நான்கு பேர் மழைக்கு நனையாமல் செல்ல வழி பிறந்ததும், குடும்பங்கள் பக்கவண்டியை விட்டகன்றன.

ஆயினும் அது அழிந்துவிடவில்லை. வாட்சோனியன் 1988 இல் ஸ்கொயர் என்னும் நிறுவனத்துடன் இணைந்து தொழிலைத் தொடர்ந்தது. ரஷியாவின் இர்பிட் நகரில் பிறந்த 'யூரல்' வண்டிகள் தொழிற்சாலையிலேயே பக்கவண்டியுடன் செய்யப்படுபவை. 2022 இல் அவற்றை ஒன்றுகூட்டும் பணி கஸக்ஸ்தானுக்கு மாற்றப்பட்டது. இன்று மேனாடுகளில் பக்கவண்டியைத் தேடி வருபவர்களுள், கார் வாங்க இயலாத இளந் தம்பதியரைவிட, கார் இருந்தும் மோட்டார் சைக்கிளை விட மனமில்லாத மூத்தவர்களையே மிகுதியாகக் காணலாம்.

இரண்டு சக்கரங்களின் இயல்பு

பக்கவண்டி ஏன் புதுப் பயிற்சி கேட்கிறது என்பதை உணர, இரண்டு சக்கர வண்டி திரும்பும் விதத்தை முதலில் உணர வேண்டும்.

இரு சக்கர வண்டி சாய்ந்து திரும்புவது. வேகமாகச் செல்லும்போது வலப்பக்கம் திரும்ப விரும்புபவர், தம்மை அறியாமலேயே ஹேண்டிலின் வலக் கைப்பிடியை முன்னோக்கித் தள்ளுகிறார். அதாவது, முன்சக்கரம் ஒரு கணம் இடப்பக்கம் திரும்புகிறது. சக்கரங்கள் இடப்பக்கம் விலகுவதால் வண்டியின் உடல் வலப்பக்கம் சாய்கிறது. சாய்ந்த வண்டி வலப்பக்கம் வளைந்து செல்கிறது. வலப்பக்கம் போக இடப்பக்கம் திருப்புவது என்பது கேட்பதற்கு விந்தையாக இருக்கலாம். ஆனால் பல்லாண்டுகள் ஓட்டியவரின் கைகள் இதனை நாள்தோறும் செய்கின்றன. அவர் மனத்திற்குத் தெரியாது, கைகளுக்குத் தெரியும்.

பக்கவண்டி பூட்டிய வண்டி சாய்வதில்லை. மூன்று புள்ளிகளில் தரையைப் பற்றி நிற்கும் அதனை, காரைத் திருப்புவதுபோல, போகும் பக்கமே ஹேண்டிலைத் திருப்பிச் செலுத்த வேண்டும். ஆபத்து இங்கேதான் ஒளிந்திருக்கிறது. அமைதியாகச் செல்லும்போது புது முறையை நினைவில் வைத்து ஓட்டுவது கடினமன்று. திடீரென ஒரு லாரி குறுக்கிட்டால் மனம் பேசாது, கை பேசும். வலப்பக்கம் ஒதுங்க வேண்டிய வேளையில் நாற்பதாண்டுப் பழக்கம் வலக் கைப்பிடியை முன் தள்ளும். வண்டியோ இடப்பக்கம் பாயும். இரு சக்கர வண்டியை ஒருபோதும் தொடாதவர் பக்கவண்டி ஓட்டக் கற்கும்போது இந்தத் தடுமாற்றம் அவருக்கில்லை. அனுபவம் மிகுந்தவருக்கே இது மிகுதி.

'ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?' என்பது பழமொழி. பக்கவண்டி பூட்ட விரும்பும் மூத்தவரோ அறுபதிலும் வளைந்தே தீர வேண்டியவர்.

வளைவும் வேகமும்

பிரிட்டனைப் போலவே மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வண்டிகள் சாலையின் இடப்பக்கம் செல்கின்றன. ஆகவே இங்கெல்லாம் பக்கவண்டி மோட்டார் சைக்கிளின் இடப்பக்கம் அமைகிறது. கீழே கூறப்படுவன அந்த அமைப்பிற்கு உரியவை. வலப்பக்கம் செல்லும் நாடுகளில் இவை அனைத்தையும் இடவலமாக மாற்றிக் கொள்க.

வண்டி ஒரு பக்கம் திரும்பும்போது அதன் பாரம் எதிர்ப்பக்கம் தள்ளப்படுகிறது. வேகம் இரு மடங்கானால் இத்தள்ளுதல் நான்கு மடங்காகும். இடப்பக்க வளைவில் பாரம் வலப்பக்கம் செல்கிறது. எனவே இடப்பக்கம் உள்ள பக்கவண்டி இலேசாகி, அதன் சக்கரம் தரையை விட்டு எழும்புகிறது. உள்ளே ஆளில்லாத வெறும் பெட்டியாக இருந்தால் இன்னும் விரைவில் எழும்பும். எழும்பியதைக் கண்டு அஞ்சியவர் ஹேண்டிலை நேராக்கினால் சக்கரம் கீழே இறங்கும். ஆனால் வண்டி வளைவை விட்டு நேராக, எதிரே வரும் வண்டிகளின் பாதையில் நுழைந்துவிடும். இடப்பக்க வளைவில் நேரும் விபத்துகளின் வேர் இதுவே.

வலப்பக்க வளைவில் பாரம் பக்கவண்டியின் மேல் இறங்குகிறது. அது ஊன்றுகோல்போல் தாங்குவதால் வண்டி உறுதியாக நிற்பதாகத் தோன்றும். இந்த உறுதியை நம்பி மிகு வேகத்தில் திரும்பி, நடுவில் பிரேக்கையும் அழுத்தினால், மோட்டார் சைக்கிளின் பின்சக்கரம் எழும்பி, முழு வண்டியும் பக்கவண்டியின் மூக்கின் மேல் கவிழக்கூடும். இடப்பக்க வளைவு முன்னெச்சரிக்கை தந்து தண்டிக்கிறது. வலப்பக்க வளைவு எச்சரிக்கை தராமல் தண்டிக்கிறது.

நேர்ச்சாலையிலும் இவ்வண்டிக்குத் தனிக் குணம் உண்டு. எஞ்சினின் உந்துதல் மோட்டார் சைக்கிளின் சக்கரத்தில் இருக்கிறது. பக்கவண்டி வெறும் சுமையாக இடப்பக்கத்தில் இழுபடுகிறது. ஆதலால் ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் வண்டி இடப்பக்கம் இழுக்கும். ஆக்ஸிலேட்டரை விட்டாலோ, மோட்டார் சைக்கிளின் பிரேக்கை மட்டும் பிடித்தாலோ, பக்கவண்டி தன் வேகத்தில் முன்னேற முயல்வதால் வண்டி வலப்பக்கம் இழுக்கும். பக்கவண்டிச் சக்கரத்திற்கும் பிரேக் அமைத்தால் இக்குறை பெரிதும் நீங்கும்.

தேர்ந்த ஓட்டுநர்கள் இந்தக் குணத்தையே துணையாக்கிக் கொள்கிறார்கள். இடப்பக்க வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துக்கொண்டு, வளைவுக்குள் மெல்ல முறுக்கிச் செல்வார்கள். உந்துதலே வண்டியை இடப்பக்கம் திருப்ப உதவுகிறது. வலப்பக்க வளைவில் ஆக்ஸிலேட்டரைச் சற்றே தளர்த்துவார்கள். அதுவும் திருப்பத்திற்கு உதவுகிறது. வளைவுக்குள் நுழைந்த பின் வேகத்தைக் குறைப்பதன்று, நுழையுமுன் குறைப்பதே இதில் தலையாய விதி.

பூட்டும் முறை

பக்கவண்டியைப் பூட்டுவது நான்கு போல்ட்களை முடுக்கும் வேலை அன்று. பொதுவாக நான்கு இடங்களில் அது மோட்டார் சைக்கிளுடன் இணைக்கப்படுகிறது. இரண்டு கீழே, இரண்டு மேலே. பழைய வண்டிகளின் எஃகுக் குழாய்ச் சட்டத்தில் இவ்விணைப்புகளைப் பற்ற வைப்பது எளிது. இக்கால வண்டிகள் பலவற்றில் சட்டம் அலுமினியத்தாலானது. எஞ்சினே சட்டத்தின் ஒரு பகுதியாகப் பாரம் தாங்குகிறது. அவற்றில் நேராகப் பூட்டுவதற்கு இடமில்லை. வண்டிக்கேற்ற துணைச் சட்டம் ஒன்றைச் செய்து அதில் பூட்ட வேண்டும். பக்கவண்டி பூட்டலாகாது என்று கையேட்டிலேயே எச்சரிக்கும் உற்பத்தியாளர்களும் உண்டு. எனவே இதில் பழகிய தொழிலாளரிடம் அன்றி வேறெவரிடமும் இவ்வேலையை ஒப்படைப்பது தகாது.

பூட்டும்போது மூன்று அளவுகள் இன்றியமையாதவை. முதலாவது, பக்கவண்டிச் சக்கரத்தின் அச்சு, மோட்டார் சைக்கிளின் பின்சக்கர அச்சைவிடச் சற்று முன்னே இருக்க வேண்டும். இம்முன்வைப்பு பெரும்பாலும் 150 முதல் 250 மில்லிமீட்டர் வரை இருக்கும். இது குறைந்தால் வலப்பக்க வளைவில் மூக்கின் மேல் கவிழும் ஆபத்து கூடும். மிகுந்தால் திருப்புவது கடினமாகும், டயரும் தேயும்.

இரண்டாவது, பக்கவண்டிச் சக்கரம் முற்றிலும் நேராக நில்லாமல், மோட்டார் சைக்கிளை நோக்கி முன்புறம் இம்மியளவு திரும்பியிருக்க வேண்டும். இரு பக்கச் சக்கரங்களையும் ஒட்டி நேரான பலகைகளை வைத்து அளந்தால், முன்புற இடைவெளி பின்புற இடைவெளியைவிட ஏறத்தாழ 12 முதல் 20 மில்லிமீட்டர் குறைந்திருக்கும். பக்கவண்டியின் இடப்பக்க இழுப்பை இது ஈடு செய்கிறது.

மூன்றாவது, மோட்டார் சைக்கிள் செங்குத்தாக நில்லாமல், பக்கவண்டியை விட்டு ஒன்றிரண்டு பாகை வெளிப்புறம் சாய்ந்திருக்க வேண்டும். மழைநீர் வடிவதற்காகச் சாலைகள் ஓரத்தை நோக்கிச் சரிந்திருப்பதால் வண்டி தானாகவே இடப்பக்கம் நழுவும். இச்சாய்வு அதனைத் தடுக்கிறது.

இவ்வளவும் செய்தபின் முதியவர் கவனிக்க வேண்டிய இன்னொன்று உண்டு. அது ஹேண்டிலின் கனம். முன் ஃபோர்க்கின் அச்சைக் கோடாக நீட்டினால், அது டயர் தரையைத் தொடும் இடத்திற்குச் சற்று முன்னே தரையை எட்டும். இவ்விரண்டிற்கும் உள்ள தொலைவு இரு சக்கர வண்டிகளில் 100 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். நேராக ஓடும் உறுதியைத் தருவது அதுவே. மூன்று சக்கரம் ஆனபின் அந்த உறுதி தேவையில்லை. ஆனால் அதே தொலைவு ஒவ்வொரு திருப்பத்தையும் மல்யுத்தமாக்கிவிடுகிறது. முன் ஃபோர்க்கின் அமைப்பை மாற்றி இத்தொலைவைக் குறைத்தால் ஹேண்டில் பெரிதும் இலேசாகும். குறைந்த வேகத்தில் முன்சக்கரம் நடுங்கும் குறை இதனால் எழலாம். அதனை அடக்க ஹேண்டிலுடன் ஒரு டாம்பர் பொருத்துவது வழக்கம். செலவை எண்ணி இளைஞர் இம்மாற்றத்தைத் தள்ளிப் போடலாம். தோள்வலியுள்ள முதியவர் தள்ளிப் போடலாகாது.

தருவனவும் தராதனவும்

இனிக் கணக்குப் பார்ப்போர் இருபுறமும் பார்ப்பது நலம். பக்கவண்டி நின்ற இடத்தில் விழாது. முழங்காலும் இடுப்பும் பாரம் தாங்க வேண்டியதில்லை. மழையில் நனைந்த சாலையிலும் சரளையிலும் மெதுவாகச் செல்லும்போது கவிழும் அச்சமில்லை. பின்னிருக்கையில் ஏற இயலாத மனைவி, பெட்டிக்குள் சாய்ந்து அமர்ந்து உடன் வரலாம். மருந்துப் பெட்டி, ஊன்றுகோல், மழைச் சட்டை, கூடாரம் எல்லாவற்றிற்கும் இடமுண்டு. இருவராகச் சென்ற பயணங்கள் மீண்டும் இருவராகவே தொடர்வது சிறிய நன்மையன்று.

ஆனால் மங்கிய பார்வையைப் பக்கவண்டி தெளிவாக்காது. ஆபத்தைக் கண்டபின் கை செயற்படத் தாமதமானால் அத்தாமதத்தையும் குறைக்காது. எடை கூடுவதால் நிற்கும் தொலைவு மிகும். எண்ணெய்ச் செலவு மிகும். டயர்கள் விரைவில் தேயும். கார்களின் நடுவே ஊடுருவிச் செல்லும் வசதி போய்விடும். வண்டியின் அகலத்தை மறந்து பழையபடி இடது ஓரமாக ஒதுங்கினால், பக்கவண்டிச் சக்கரம் சாலையோர வடிகாலில் இறங்கிவிடும். தலைக்கவசமும் காப்புடையும் முன்போலவே வேண்டும்.

ஆகவே, முழங்கால் தளர்ந்து, கண்ணும் தோளும் நன்றாக இருப்பவருக்குப் பக்கவண்டி ஏற்றது. தோளும் மணிக்கட்டும் தளர்ந்தவருக்கு முன் ஃபோர்க் மாற்றம் இன்றி ஏற்றதன்று. கண்ணும் சுறுசுறுப்பும் குன்றியவருக்கு எத்தனை சக்கரம் சேர்த்தாலும் ஏற்றதன்று.

வேறு வழிகளும் உண்டு. பின்புறம் இரு சக்கரம் அமைத்த மூன்று சக்கர மோட்டார் சைக்கிள்களும், 2007 இல் அறிமுகமான கான்-ஆம் ஸ்பைடர் போல முன்புறம் இரு சக்கரம் கொண்டவையும் இருபுறமும் சமநிலையுடையவை; ஒரு பக்கம் இழுக்கும் குணம் அவற்றிற்கில்லை. 2006 இல் வந்த பியாஜியோ எம்.பி. 3 என்னும் ஸ்கூட்டரோ மூன்று சக்கரத்துடன் சாய்ந்தே திரும்புகிறது. நிற்கும்போது அதன் சாய்வைப் பூட்டி வைக்கலாம். பழைய பழக்கத்தை மாற்ற விரும்பாதவருக்கு இது பொருந்தும். ஆனால் பக்கத்தில் ஒருவரை அமர்த்திப் பேசிச் செல்லும் இன்பம் பக்கவண்டியில் மட்டுமே உண்டு.

மீண்டும் மாணவராதல்

பக்கவண்டி பூட்டிய முதல் நாளே நெடுஞ்சாலையில் இறங்குவது அறிவீனம். முதலில் ஆளில்லாத பரந்த திடல் ஒன்று வேண்டும். வெறும் பெட்டிக்குள் முப்பது நாற்பது கிலோ மணல் மூட்டையை நகராதபடி கட்டிவைத்துத் தொடங்குவது நல்லது. நடக்கும் வேகத்தில் வலப்பக்க வட்டமும் இடப்பக்க வட்டமும் மாறி மாறிப் போட வேண்டும். பின் நேராகச் சென்று பிரேக் பிடித்து, வண்டி எப்பக்கம் இழுக்கிறது என்று கண்டு, அதனைக் கையால் திருத்தப் பழக வேண்டும். அதன் பின்னரே திடீரென ஒதுங்கும் பயிற்சி. கை சிந்தியாமல் சரியான பக்கம் திரும்பும்வரை இதனைச் செய்ய வேண்டும். பழைய பழக்கம் அழிவது இப்பயிற்சியில்தான்.

இறுதியில், அருகில் பயிற்சியாளர் இருக்க, இடப்பக்க வட்டத்தில் பக்கவண்டிச் சக்கரத்தை வேண்டுமென்றே சற்று எழுப்பி இறக்கிப் பார்க்க வேண்டும். வித்தை காட்டுவதற்காக அன்று. திடலில் அதனை அறிந்து இறக்கியவர், சாலையில் அது தானாக எழும்பும்போது திடுக்கிட மாட்டார் என்பதற்காகவே. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் இத்தகைய பயிற்சி தருவோர் உள்ளனர். பயிற்சி முடிந்து சில நூறு கிலோமீட்டர் ஓடியபின், இணைப்புப் போல்ட்கள் அனைத்தையும் மீண்டும் முடுக்கி, அளவுகளைச் சரிபார்ப்பதும் கடமையாகும்.

சட்டத்தையும் மறக்கலாகாது. வண்டியின் அமைப்பை மாற்றுவதற்கு மலேசியாவில் சாலைப் போக்குவரத்துத் துறையின் அனுமதியும், சிங்கப்பூரில் தரைவழிப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதியும் வேண்டும். காப்புறுதி நிறுவனத்திற்கும் அறிவிக்க வேண்டும். இவற்றை முடித்த பின்னரே பணத்தைச் செலவிடுவது முறை.

நாற்பது ஆண்டு ஓட்டியவர் புதிதாகப் படிக்க வேண்டுமா என்ற கேள்வி எழலாம். அந்த நாற்பது ஆண்டுகளில் அவர் பெற்ற சாலையறிவு வீண்போகாது. எந்த வளைவில் மணல் இருக்கும், எந்தச் சந்தியில் வண்டி குறுக்கிடும் என்பதை அவர் அறிவார். கைகள் கற்றதை மட்டுமே மாற்ற வேண்டும். அதற்குப் பணிவு வேண்டும். சில வாரங்களும் வேண்டும். அவ்விரண்டையும் கொடுக்க மனமுள்ளவருக்கு மூன்றாம் சக்கரம் நல்ல துணை. கொடுக்க மனமில்லாதவர் வண்டியை நல்ல நிலையில் விற்றுவிட்டு, காரில் சென்று ஊர்களைக் காண்பதே தமக்கும் பிறருக்கும் செய்யும் நன்மையாகும்.